பின்பலகை ஓட்டைகள்

திருகோணமலை
பங்குனி

அன்பின் சூசை,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்ததில் எங்கள் எல்லாருக்கும் பெரிய சந்தோசம். இங்கே சிவராத்திரி கழிந்து கோணேசர் நகர்வலமும் முடிந்தது. வாடை அடங்கிவிட்டது. நிலாவெளியில் புறாமலைக்கு ஆள் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். போட் விற்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஓம், விற்கத்தான் போகிறேன். இந்த முழங்கால் நோவோடு இனி வெள்ளாப்பில் போட் தள்ள ஏலாது. சின்னவனுக்கோ கடல் சரிவராது.

மீன் இருக்கும் இடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரைப் பின்பலகையிலிருந்து கழற்றிவிட்டு ஸ்குருவை மட்டும் திரும்ப முறுக்கி விற்றுவிடு, வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான் என்று எழுதியிருந்தாய். தண்ணீர் மட்டத்துக்கு மேலே என்றால் நானும் அதைத்தான் செய்வேன். கீழே அது சரிவராது மச்சான். ஸ்டெயின்லெஸ் ஸ்குரு காற்றுப் படும்வரைதான் கறள் பிடிக்காது. ஊறின மரத்துக்குள் அடைபட்டுக் கிடந்தால் அதுவும் அரித்துக் குழி விழும். எஞ்சின் பூட்டும் பின்பலகை முழுக்கப் பைபர் இல்லையே. நடுவில் பிளைவூட், இரண்டு பக்கமும்தான் பைபர். ஒரு ஸ்குரு ஓட்டையால் போன தண்ணீர் லேசில் வெளியே வராது, உள்ளுக்குள்ளேயே பரவும். எஞ்சினைத் தாங்குவதும் அந்தப் பலகைதான்.

கழற்றினபோது ஓர் ஓட்டையிலிருந்து தேத்தண்ணீர் நிறத்தில் கசிந்தது. மற்றவை காய்ந்திருந்தன. கசிந்த ஓட்டையில் கொஞ்சம் பெரிய பிட்டால் ட்ரில் விட்டு, தூளை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். முதலில் கறுத்த ஈரத் தூள், நசுக்கினால் களியாகிறது. இன்னும் அகட்டியதும் வெளுத்த காய்ந்த தூள், மரவாசத்தோடு. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கறுப்பாகவே வந்துகொண்டிருந்தால் பின்பலகையையே மாற்ற வேண்டியதுதான், ஓட்டை அடைப்பது வீண்வேலை.

வெயிலில் திறந்து காயவிட்டிருந்தபோது பக்கத்து வாடிப் பொடியன் சிலிக்கன் டியூப்போடு வந்து நின்றான். அரை மணித்தியால வேலையாம். சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு ரெசினும் ஒட்டாது, பெயின்ட்டும் ஒட்டாது. பழையதைச் சுரண்டி எடுக்கத்தான் எனக்குக் கூட நேரம் போனது. வெறும் பொலியெஸ்டர் ரெசினை ஊற்றுவதும் சரியில்லை. அது இறுகும்போது சுருங்கும், நார் சேராவிட்டால் வெடிக்கும்.

ஹார்ட்னர் கலந்தால் இறுகும் எபொக்சிப் பசைதான் போட்டேன். முதலில் தண்ணியாகவே கலந்து, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் மரம் குடிக்கும்வரை தடவினேன். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே சிலிக்காத் தூள் சேர்த்துப் பட்டர் பதத்தில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அடியிலிருந்து நிரப்பினேன். மேலால் அப்பினால் காற்று அடைபட்டு உள்ளே பொந்தாகும். ஹார்ட்னரைக் கூட்டினால் கெதியாய்க் காயும் என்ற பொலியெஸ்டர் ரெசின் பழக்கத்தில் இதற்கும் கூட்டிவிடாதே. போத்தலில் போட்டிருக்கிற அளவுதான் அளவு. கூடினாலும் குறைந்தாலும் ஒழுங்காக இறுகாது. காய்ந்த பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு படை வரலாம். தண்ணீரால் கழுவி, சாண்ட் பேப்பர் போட்ட பிறகே மேல்பூச்சான ஜெல்கோட்.

நிறம் கொஞ்சம் வித்தியாசமாய்த் தெரிகிறது. வெயிலில் பழுத்த வெள்ளையும் புது வெள்ளையும் ஒத்துப்போகுமா? முழுவதும் பெயின்ட் அடித்து மறைக்கச் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. புதுப் பெயின்ட் அடித்த பழைய போட்டைக் கண்டால் நானே விலகிப் போகிறவன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் காக்கா பார்க்க வந்தார். ஆள் நேரே பின்பலகைக்குத்தான் போனார். சுத்தியல் பிடியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். எங்கெங்கே ஓட்டை இருந்தது, எது ஈரமாக இருந்தது எல்லாம் காட்டினேன். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. தன்னுடைய சவுண்டரை, அதுதான் ஃபிஷ் ஃபைண்டரை, எங்கே பூட்டலாம் என்றுதான் கேட்டார்! தடித்த பைபர்த் துண்டொன்றை எபொக்சியால் ஒட்டி, கட்டை ஸ்குருவை அதில் முறுக்குங்கள், போட்டைத் துளைக்க வேண்டாம் என்றேன். வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு காசோடு வருகிறாராம்.

உன் போட்டில் ஏணி இருந்த இடத்து ஸ்குருக்கள் இன்னும் அப்படியேதானே இருக்கின்றன? அடுத்த தடவை கரையேற்றும்போது ஒன்றைக் கழற்றித் தூளைப் பார். எபொக்சி மிஞ்சிக் கிடக்கிறது, மன்னார் பஸ்ஸில் கொடுத்துவிடவா?

அன்புடன்,
ராசா