சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்கு

சிங்கப்பூர்
3-5-1959

அன்புள்ள அப்பாவுக்கு, நமஸ்காரம்.

இவ்விடம் நான் சௌக்கியம். அம்மா, பெரியத்தை, அண்ணி, குழந்தைகள் சௌக்கியத்துக்கு எழுதவும்.

தங்கள் கடிதம் வியாழனன்று கிடைத்தது. ராவுத்தர் கடையில் யாரோ பேப்பரைப் பார்த்துவிட்டு, ‘சிங்கப்பூர் சட்டசபையைக் கலைத்துவிட்டார்களாம்’ என்று சொல்லப்போக, அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லையாமே. 1956-இல் நடந்த கலவரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். மார்ச் 31-ஆம் தேதி கலைத்தது புதுச் சபை வருவதற்காகத்தான். பழையதில் ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 25 பேர்தான். மற்றவர்கள் நியமனத்தில் வந்தவர்கள், அதிகாரிகள். இனி 51 பேரும் ஓட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். உள்நாட்டு நிர்வாகம் அவர்கள் கைக்கு வரும். ராணுவத்தையும் வெளிநாட்டு விவகாரத்தையும் வெள்ளைக்காரன் விடுவதாக இல்லை. முக்கால் சுதந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ஆம் தேதி தேர்தல். 194 பேர் நிற்கிறார்கள்.

பக்கத்து அறைச் சீனக் கிழவருக்குத்தான் இதனால் கொண்டாட்டம். நடுவே வெறும் பலகைத் தடுப்பு. விடியற்காலையிலேயே ரெடிஃபியூஷன் ரேடியோப் பெட்டியோடு சண்டை பிடிக்க ஆரம்பித்துவிடுவார். எந்தக் கட்சி நோட்டீஸ் கொடுத்தாலும் வாங்கி மடித்துப் பலகை இடுக்கில் செருகுகிறார், மூட்டைப்பூச்சி வராதாம். லீ குவான் யூ கட்சியின் மின்னல் சின்னம் என் தலைமாட்டில் பாதி நீட்டிக்கொண்டிருக்கிறது. யாருக்கு ஓட்டு என்று அரைகுறை மலாயில் கேட்டால், பதில் சொல்லாமல் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டுவார். இப்போதெல்லாம் காலை ஆகாரம் அவரோடுதான், மனிதர் விடுவதில்லை. தொட்டுக்கொள்ள உப்பு முட்டை. நேற்று அம்மா போடும் நார்த்தங்காய் ஞாபகம் வந்து, கஞ்சி தொண்டையை விட்டு இறங்கவில்லை. கிழவர் காரமென்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

நானும் குடியுரிமை பதிந்திருப்பதால் எனக்கும் ஓட்டு உண்டு. இம்முறை போடுவது கட்டாயம். இதைப் பெரியத்தையிடம் சொல்ல வேண்டாம், ஊரையே விட்டுவிட்டான் என்று அழுவார்கள்.

ஓவர்டைம் சற்று மந்தம். அதனால் இம்மாதம் ஐம்பது ரூபாய்தான் அனுப்பியிருக்கிறேன். ஜூனில் சேர்த்து அனுப்புகிறேன்.

மாயவரத்துக்காரர்கள் ஆவணி என்றால் சரி என்று சொல்லிவிடுங்கள். ரஜூலா கப்பலில் வரலாமென்றால் லீவு கிடைப்பது சந்தேகம். எனக்காக முகூர்த்தத்தைத் தள்ள வேண்டாம். தாரை வார்க்கும்போது அண்ணா என் இடத்திலும் நிற்கட்டும். வாய்க்கால் ஓரத்து நிலத்தை மட்டும் அடமானம் வைக்காதீர்கள். பெரியப்பா கேட்டால் என் கடிதம் வரட்டும் என்று சொல்லுங்கள். பாகப் பத்திரம் பதிவாகிவிட்டதா என்று மறக்காமல் எழுதவும்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள மகன்