படப்பு தானாகவும் எரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கம் வைக்கோல் படப்பு எரிந்தாலே முன்பகை, பீடித் துண்டு என்றுதான் பேச்சு. ஈரத்தோடு போட்ட படப்பு தானாகவே பற்றும். கையை உள்ளே விட்டால் சுடும், புளித்த வாடை வரும். படப்பு பெரிதானால் நடுச்சூட்டுக்கு வெளியேற வழியில்லை; சூடு ஏற ஏற இன்னும் வேகமாகச் சூடு பிறக்கும்.

சூடு பிறப்பதற்கும் வெளியே பரவுவதற்கும் நடக்கும் இந்த இழுபறியைக் கணிதத்தில் நேரியல் அல்லாத வெப்பச் சமன்பாடு என்பார்கள். ஜப்பானியர் ஹிரோஷி ஃபுஜிடா 1966இல் எல்லையற்ற வெளியில் அதை ஆராய்ந்தார். சூடு பிறக்கும் வேகம் வெப்பநிலையின் ஓர் அடுக்கு என்று வையுங்கள். முப்பரிமாணத்தில் அந்த அடுக்கு 1-க்கு மேல், 5/3-க்குக் கீழ் என்றால், தொடக்கச் சூடு எவ்வளவு சொற்பமானாலும் குறிப்பிட்ட காலத்துக்குள் தீர்வு, அதாவது கணக்கு தரும் வெப்பநிலை, முடிவிலிக்குப் பாய்ந்துவிடும். 5/3-ஐத் தாண்டினால், போதிய அளவு சிறிய சூடு பரவித் தணிந்துவிடும். தீர்வு என்றைக்கும் நீடிக்கும். தலைகீழாக இருக்கிறதே என்பீர்கள். ஒன்றுக்குக் கீழான எண்ணுக்கு அடுக்கு கூடினால் மதிப்பு குறையும்; 0.1-ஐ வர்க்கப்படுத்தினால் 0.01தானே? அதனால் சொற்பச் சூட்டில் புதிதாகப் பிறக்கும் சூடும் குறைவு.

நிஜப் படப்புக்கு எல்லை உண்டு, முடிவிலி எல்லாம் தாளில்தான். ஆனாலும் அடுத்த முறை வைக்கோல் காய்ந்த பிறகுதான் படப்பு போட்டார்களா என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை விசாரித்து எழுதட்டும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.