விசா வேணாம்னு நெனச்சுக்கிட்டு டிக்கெட்டப் போட்டுடாத மாப்ள

அன்புள்ள மாப்ள,

அமெரிக்காவுல இருக்குற உன் பொண்ணு உண்டாயிருக்கான்னு நீ எழுதினதப் படிச்சதும் ரொம்ப சந்தோசம்டா. இங்க சம்பா அறுத்து மூட்டையெல்லாம் கொள்முதல் நிலையத்துல கெடக்கு, நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு சொல்லி நாலு நாளா காயவச்சு காயவச்சு அள்ளுறோம், அது கெடக்கட்டும்.

"நமக்கென்ன சிங்கப்பூர் பாஸ்போர்ட்டு, அமெரிக்காவுக்கு விசாவே வேணாம், பிரசவத்துக்கு நானும் தங்கச்சியும் போயி அஞ்சு மாசம் இருந்துட்டு வருவோம்"னு எழுதியிருந்த பாரு, அங்கதான் எனக்கு பக்குன்னுச்சு. மன்னார்குடியில நெட் சென்டர் வச்சு பத்து வருசமா இந்த ஃபார்ம்களத்தான் தட்டிக்கிட்டு இருக்கேன், அதனால சொல்றேன், கேட்டுக்க.

அந்த விசா வேணாங்குற திட்டத்துல 90 நாள்தான். ஒரு நாள் கூட நீட்டிக்க முடியாது. நடுவுல கனடாவுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்து திரும்ப மொதல்லேந்து எண்ணிக்கலாம்னு எவனாவது ஐடியா குடுப்பான், நம்பாத, பொதுவா அந்த நாளும் சேந்துதான் ஓடும். கெளம்புறதுக்கு முன்னாடி எஸ்டான்னு ஆன்லைன் அனுமதி வேற வாங்கணும், சுமார் 40 டாலர். கவர்மென்ட் சைட் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு கூட காசு புடுங்குற சைட்டெல்லாம் நெறய இருக்கு. அந்த அனுமதி இருந்தாக்கூட எறங்குற எடத்துல ஆபீசர் விட்டாத்தான் உள்ள.

தங்கச்சி இன்னும் நம்மூரு பாஸ்போர்ட்டுதானே வச்சிருக்கு? சிங்கப்பூர்ல நிரந்தரமா தங்குற அனுமதி, அதான் பிஆர், இருந்தா போதும்னு நெனக்காத, அவங்க பாக்குறது பாஸ்போர்ட்ட மட்டுந்தான், இந்தியா அந்த விசா வேணாங்குற நாட்டு லிஸ்ட்லயே இல்ல. தங்கச்சிக்கு பி2ன்னு சுத்திப்பாக்க, சொந்தக்காரங்களப் பாக்கப் போறவங்களுக்குக் குடுக்குற விசாதான், 185 டாலர் கட்டி இன்டர்வியூ போவணும்.

இப்ப உன் கதைக்கு வரேன். 2013ல கான்ட்ராக்ட் வேலைன்னு ஈராக்குல பாஸ்ராவுல ரெண்டு மாசம் கெடந்தல்ல? பேரீச்சம்பழம் கூட கொண்டாந்து குடுத்தியே! 2011 மார்ச் 1க்கு அப்புறம் ஈராக், ஈரான், சிரியா மாதிரி நாட்டுல கால் வச்சவனுக்கு அந்தச் சலுகை கெடயாதுன்னு 2015 கடைசியில சட்டம் போட்டுட்டாங்கடா. கம்பெனி வேலைக்குப் போனேன்னு சொன்னாலும் எடுபடும்னு நம்பி இருக்க முடியாது. ஃபார்ம்ல நேராவே கேப்பாங்க, மறைச்சு எழுதிப்புடாத, மாட்டுனா பின்னால விசாவுக்கே வெனையாயிரும். அமெரிக்காவுக்கே போவக்கூடாதுன்னு இல்ல, நீயும் தங்கச்சி மாதிரி விசா எடுத்துக்கிட்டு போவணும், அவ்ளோதான். சிவப்பு பாஸ்போர்ட்டுன்னு அத என்னா பேச்சு பேசின, இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே க்யூ! ஒரு வகையில நல்லதுதான், பி2ல போனா பெரும்பாலும் ஆறு மாசம் வரைக்கும் குடுப்பாங்க, நீ நெனச்ச அஞ்சு மாசம் அதுல அடங்கிடும். ஆனா இன்டர்வியூ தேதி கெடைக்கணும், அதனால இந்த வாரமே ஃபார்ம போடு.

எங்கூட்டு கூத்தையும் கேளு. மலேசியா நம்மாளுக்கு 30 நாள் விசா இல்லாம விடுறாங்கல்ல, 2023 டிசம்பர்லேந்து, அத நம்பி குடும்பமா திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனோம். அத்தான் பாஸ்போர்ட்டுல அஞ்சு மாசந்தான் பாக்கி, ஆறு மாசம் இருக்கணும்னுட்டாங்க. எல்லார் பாஸ்போர்ட்டையும் பாத்த நான் அவரோடத மட்டும் பாக்கல, இன்னும் அக்கா என்கிட்ட மொகங்குடுத்துப் பேசல.

பங்குனித் திருவிழாவுக்கு வருவதானே? வெண்ணெய்த்தாழி அன்னிக்கு இங்க இருக்கணும். வெளிநாட்டுக் குடிமகனாயிட்ட நம்மாளுக்கு இந்தியா குடுக்குற ஓசிஐ கார்டோ, இல்லேன்னா விசாவோ இருந்தாத்தான் சொந்த ஊருக்கே நீ வர முடியும், அந்தக் கார்ட மறக்காம எடுத்து பையில வச்சுக்க.

இப்படிக்கு,
உன் மச்சான்