3ஜி போன பின் யாரிடம் முறையிடுவது?

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நாட்டின் இணையச் சேவையை மேம்படுத்தும் ஜென்டேலா திட்டத்தின்படி 2021 இறுதியில் 3ஜி சேவை மூடப்பட்டது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் 4ஜியில் பேச வோல்டிஇ (VoLTE) என்ற வசதி வேண்டும். அது கைப்பேசியில் இருந்தால் மட்டும் போதாது. தயாரிப்பாளர் அந்தந்த சிம் நிறுவனத்துக்கான அமைப்பை மென்பொருளில் சேர்த்திருக்க வேண்டும். அந்த நிறுவனமும் அந்த மாடலை ஏற்றிருக்க வேண்டும். இருவரில் ஒருவர் முகம் திருப்பினாலும் அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிடும்.

என் அம்மாவின் கைப்பேசியில் இது அன்றாடக் காட்சி. திரையில் 4ஜி கோடுகள் நிறைந்து நிற்கும். எண்ணை அழுத்தியதும் அது மறைந்து, 2ஜியைக் குறிக்கும் ஆங்கில 'ஈ' எழுத்து வரும். பேசி முடிக்கும்வரை வாட்ஸ்அப் அசையாது. செம்பனைக் காட்டின் பள்ளங்களில் 2ஜி எட்டாததால் அழைப்பே போவதில்லை. அங்கேயே பக்கத்து வீட்டுத் தம்பி வேறு மாடலில் தெளிவாகப் பேசுகிறார். அம்மாவுடையது ஏபி செட்டும் (அதிகாரப்பூர்வ வழியில் வராத இறக்குமதிக் கைப்பேசி) அல்ல, முறையாக முத்திரை பெற்றது. கடைக்காரர் சிம் நிறுவனத்தைக் கைகாட்டினார். அவர்கள் தயாரிப்பாளரைக் கைகாட்டினார்கள். ஈப்போவிலுள்ள தயாரிப்பாளரின் சேவை மையம் மறுபடி சிம் நிறுவனத்திடமே அனுப்பியது.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வைத்ததே சட்டம். கைப்பேசியில் எந்த வசதி இருக்கலாம், யார் சின்னம் பொறிக்கலாம் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. 2007இல் ஆப்பிள் ஐபோனைத் தன் நிபந்தனைப்படி ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்தது. போட்டி நிறுவனமான வெரைசனுக்கு அது கிடைக்க 2011 ஆயிற்று. பயனருக்கு விடிவு என்றார்கள். சிம் நிறுவனத்துக்குப் பதில் தயாரிப்பாளர் என எஜமான் மாறினார், அவ்வளவுதான். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தபோது, 5ஜி ஐபோனைக் கையில் வைத்திருந்தவர்கள் ஆப்பிளின் மென்பொருளுக்காக டிசம்பர் வரை காத்திருந்தார்கள்.

ஆஸ்திரேலியா 2024இல் 3ஜியை மூடியபோது நிலைமை இன்னும் மோசம். சாதாரண அழைப்பை 4ஜியில் அனுப்பிய சில மாடல்கள், அவசர எண் 000க்கு மட்டும் 3ஜியைத் தேடின. அரசு தலையிட்டு அவற்றுக்குச் சேவையையே நிறுத்தச் செய்தது. இங்கே 2ஜி இன்னும் உயிரோடு இருப்பதால் தப்பிக்கிறோம்.

தரச் சான்று வழங்கும் சிரிம் அமைப்பின் சான்றிதழும் உங்கள் முத்திரையும் இல்லாமல் இங்கே கைப்பேசி விற்கக்கூடாது என்பது விதி. ஆக, கடிவாளம் உங்கள் கையில்தான். எந்தெந்த சிம்மில் வோல்டிஇ வேலை செய்யும், அவசர எண் 999க்கான அழைப்பு 4ஜியில் போகுமா என்பதைச் சான்றிதழுக்கே நிபந்தனையாக்குங்கள். பெட்டியின் மேல் அச்சிட வையுங்கள். ஏற்கெனவே விற்றுவிட்ட மாடல்களுக்கு இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கெடு விதியுங்கள். 2ஜியை எப்போது மூடுவது என்ற பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் தோட்டவாசி ஒருவர்