ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மெனோரா ஏற்றத்தில் ஓட்டிக் காட்டுங்கள்

கார் விற்பனை நிலைய, சர்வீஸ் நிலைய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குடும்பக் கார் வைத்திருப்பவர்களும், அந்தக் கார்களைப் பட்டறையில் தூக்கிப் பார்ப்பவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லிக் குறைகூற வரவில்லை. ஈப்போவிலோ கோலகங்சாரிலோ இருக்கும் உங்கள் கடைகளில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆகவே உங்களிடமே பேசுகிறோம்.

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரைக் கொடுத்துவிட்டு, ஒன்பது வருட லோனில் புதுக் கார் எடுக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. எடுத்த சில மாதத்தில் புகார்கள் கிளம்புகின்றன. ஏற்றத்தில் இரைச்சல் போடுகிறது, இழுக்கவில்லை, பேட்டரி அதற்குள் போய்விட்டது, கண்ணாடி மாற்ற இவ்வளவு காசா? உங்கள் கவுன்டரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இது நார்மல்." அந்தப் பதில் பாதி சரி. பல புகார்கள் கோளாறே இல்லை. பழைய காரும் புதுக் காரும் வேலை செய்யும் விதமே வேறு. ஆனால் அதை விற்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். விற்ற பிறகு சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

முதலில் கியர்பெட்டி. பழைய குடும்பக் கார்களில் பெரும்பாலும் நான்கு கியர் ஆட்டோ. மிதித்தால் ஒரு கியர் இறங்கும், ஒரு உதை கொடுக்கும், கார் கிளம்பும். புதியவற்றில் பல சிவிடி: இரண்டு கப்பிகள், நடுவே இரும்புப் பட்டை. கப்பிகளின் அகலம் மாறமாறப் பற்சக்கர விகிதமும் படியில்லாமல் மாறும். இதில் இன்ஜின் சுழற்சி முதலில் ஏறும், வேகம் பின்னால் வரும். சமதரையில் ஓட்டுநரும் சேல்ஸ்மேனும் மட்டும் உட்கார்ந்து பத்து நிமிடம் ஓட்டும் டெஸ்ட் டிரைவில் இது தெரியவே தெரியாது. வழுக்கிக்கொண்டு போவது போல சுகமாக இருக்கும்.

ஏழு பேர் ஏறினால் கணக்கு மாறும். ஆளுக்கு 65 கிலோ என்றால் 455 கிலோ. பைகளைச் சேர்த்தால் 500-ஐத் தொடும். 1,100, 1,200 கிலோ எடையுள்ள ஒன்றரை லிட்டர் காருக்கு இது தன் எடையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல். ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கம் வரைக்கும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஏறுகிற ஏற்றத்தில் இன்ஜின் நாலாயிரம் சுழற்சிக்கு மேல் போய் அங்கேயே நிற்கும். அந்த எடையை இழுக்கத் தேவையான சக்தி அந்தச் சுழற்சியில்தான் கிடைக்கிறது என்பதால் கியர்பெட்டி இன்ஜினை அங்கே பிடித்து வைக்கிறது. பழைய கார் ஓட்டிப் பழகியவர், கியர் இறங்கவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்துவார். இரைச்சல் கூடும், வேகம் கூடாது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, மிதியை முக்கால் அளவில் அசையாமல் வைத்து, இழுவையைக் கூட்டும் 'பவர்' பொத்தான் இருந்தால் அழுத்திக்கொண்டு போனால் பாதி தொல்லை தீரும். இதை விளக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இறக்கம் அதைவிட முக்கியம். 'டி'யில் விட்டுவிட்டு இறங்கினால் பல சிவிடி கார்களில் இன்ஜினே காரைப் பிடித்து மெதுவாக்கும் பலம் குறைவு. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கோ தாப்பாவுக்கோ முழுப் பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் கருகிய வாடை அடிக்கும். 'எஸ்', 'பி' (B; நிறுத்தும் P அல்ல), 'எல்' என்று ஒவ்வொரு காரிலும் வேறு எழுத்து போட்டிருக்கிறீர்கள். எது இறக்கத்துக்கு என்று வாங்குகிறவர் கையை அந்த லீவரில் வைத்துக் காட்டுங்கள்.

அடுத்தது தோட்டத்துச் சாலை. மழைக்குப் பிறகு செம்மண்ணில் சக்கரம் புதைந்து சுற்றும். ஓட்டுநர் இன்னும் மிதிப்பார். சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைப் பிடிக்கும். அந்த அதிர்ச்சி நேராகப் பட்டைக்கும் கப்பிக்கும் போகும். பட்டை ஒருமுறை வழுக்கினால் கப்பியில் கீறல் விழும். அதற்குப் பிறகு வரும் சிணுங்கல் ஓசைக்கு மருந்து கிடையாது, கியர்பெட்டியைக் கழற்ற வேண்டியதுதான். மிதியை விட்டுவிட்டு, சக்கரத்தடியில் பலகையோ செம்பனை மட்டையோ போட்டு, மெதுவாக ஏற்ற வேண்டும். மட்டையில் முள்ளைச் சீவிவிட்டுப் போடுவது நல்லது.

இதோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. அவான்சா போன்ற பழைய ஏழிருக்கைக் கார்கள் பின்சக்கரத்தால் ஓடின. அந்த அவான்சாகூட 2021-இல் வந்த தலைமுறையில் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டது. உள்ளே இடம் கூடியது, எடை குறைந்தது, எண்ணெய்ச் செலவும் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் ஆளேற்றினால் பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரத்தின் பிடி குறையும். பழைய கார் ஏறிய அதே சரளைக்கல் மேட்டில் புதிய கார் முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். மேட்டுக்கு முன்னால் பின்வரிசை ஆட்களை இறக்கிவிட்டால் ஏறிவிடும்.

கட்டி இழுக்கும்போதும் கவனம் வேண்டும். முன்சக்கர சிவிடி காரை முன்சக்கரம் தரையில் உருள இழுத்தால், இன்ஜின் ஓடாத நேரத்தில் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது. முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், அல்லது முழுக் காரையும் லோரியில் ஏற்ற வேண்டும். மின் கைப்பிரேக் உள்ள காரில் பேட்டரி செத்திருந்தால் பின்சக்கரம் பூட்டியபடியே இருக்கும். முதலில் வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, பிரேக்கை விடுவித்த பிறகுதான் இழுக்கலாம்.

பேட்டரிப் புகார்கள்தான் எங்கள் பட்டறைகளுக்கு அதிகம் வருகின்றன. சிவப்பு விளக்கில் தானாக அணைந்து தானாக ஓடும் வசதியுள்ள கார்களுக்கு ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரி வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் போட்டால் நாளெல்லாம் அணைந்து எழும் பாரத்தை அது தாங்காது. அதிலும் லயத்து வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், சந்தை என்று மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார்களில் பேட்டரி முழுதாக ஏறவே நேரம் கிடைப்பதில்லை. அந்த வசதி வேலை செய்வதை நிறுத்திக்கொண்டால் கார் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. பேட்டரியில் மின்சாரம் குறைந்திருப்பதற்கு அது பெரும்பாலும் முதல் அறிகுறி. பேட்டரி மாற்றிய பிறகு சில கார்களில் காரின் கணினி வைத்திருக்கும் பேட்டரிக் கணக்கைப் புதிதாகத் தொடங்கி வைக்க வேண்டும். அந்த முறை எந்தக் காருக்கு எப்படி என்பதை வெளிப் பட்டறைகளுக்கும் தெரியப்படுத்துங்கள். மதிய வெயிலில் இன்ஜின் நின்றதும் ஏர்கோன் வெறும் காற்றாக வருகிறது என்ற புகாருக்கும் இதே வசதிதான் காரணம். அதை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை கார் எடுக்கும்போதும் மறுபடி அழுத்த வேண்டும்.

சாவியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீடுகளில் கார் முன்கூடத்துச் சுவரை ஒட்டி நிற்கும். சாவி அதே சுவரின் உட்புற ஆணியில் தொங்கும். ஸ்மார்ட் சாவி அவ்வளவு அருகில் இருந்தால் காரும் சாவியும் இரவெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கத்து பேட்டரியும் தேயும். ஆணியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அடித்தால் போதும்.

இப்போது கண்ணாடி. முன்கண்ணாடியின் உச்சியில், உட்புறக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறது. முன்னால் போகும் வாகனத்தை நெருங்கினால் எச்சரிப்பது, தானாகப் பிரேக் பிடிப்பது, கோடு தாண்டினால் சத்தம் போடுவது எல்லாம் பல கார்களில் அதன் வேலை. புதுக் காருக்குப் பூசை போடாத வீடு இங்கே இல்லை. சந்தனம், குங்குமம், மாலை, கண்ணாடியில் ஒட்டும் சாமி படம் எல்லாம் உண்டு. அந்தப் படம் கேமராவின் பார்வையில் விழுந்தாலோ, உள்ளே ரேடார் இருக்கும் முன்பக்கச் சின்னத்தின் மேல் சந்தனம் அப்பியிருந்தாலோ டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியலாம். பூசை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, நீங்களும் சொல்லத் தேவையில்லை. காரை ஒப்படைக்கும்போது பொட்டு வைக்கக்கூடாத இடம் எது என்று விரலை வைத்துக் காட்டினால் போதும். பானெட் பெரிதாகத்தான் இருக்கிறது.

கல் லோரிக்குப் பின்னால் போய்க் கண்ணாடி விரிசல் விடுவது இந்தப் பக்கம் சாதாரணம். பழைய காரில் கண்ணாடியை மாற்றினால் வேலை முடிந்தது. இதில் கேமராவை மறுபடி அளவுப்படுத்த வேண்டும். அதற்குத் தனிக் கருவி, தனிக் கூலி. காப்புறுதியில் கண்ணாடிக்கான கூடுதல் பாதுகாப்புக்குக் கட்டணம் பொதுவாக எடுக்கும் பாதுகாப்புத் தொகையின் 15 விழுக்காடு: 2,000 வெள்ளிக்கு எடுத்தால் 300 வெள்ளி. பலரும் பழைய காரின் தொகையையே புதிய காருக்கும் எழுதிவிடுகிறார்கள். கண்ணாடி விலையும் அளவுப்படுத்தும் கூலியும் சேர்ந்து எவ்வளவு என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதிக் கொடுங்கள், அதை வைத்துத் தொகையை முடிவு செய்யட்டும். ஒருமுறை கோரிய பிறகு அந்தப் பாதுகாப்பை மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

டயரில் அழகு பார்த்துக் கையைச் சுட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் உயரம் 120 மில்லிமீட்டர். 205/50 ஆர்17 என்றால் 102.5 மட்டும். குழி நிறைந்த சாலையில் அந்தச் சுமார் 18 மில்லிமீட்டர்தான் ரிம் வளையாமல் காப்பது. விலை கூடிய ரகத்தில்தான் பெரிய ரிம் வரும் என்றால், தோட்டத்துக்குள் ஓட்டுகிறவருக்குச் சிறிய ரிம் ரகத்தைச் சொல்லுங்கள். உங்கள் கமிஷன் குறைந்தாலும் பரவாயில்லை. ஸ்பேர் டயருக்குப் பதில் பசை டப்பா மட்டும் உள்ள காரை அதைச் சொல்லாமல் விற்காதீர்கள். டயரின் தரைபடும் பகுதியில் ஆணி ஏறிய சிறு துளையை அந்தப் பசை அடைக்கும்; பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. காலாவதித் தேதியும் அதற்கு உண்டு. மெலிந்த தற்காலிக டயராக இருந்தால் பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர்தான் எல்லை.

மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் 14 கிலோ கேஸ் தோம்பு வைக்க இடம் இருக்குமா என்பதைக் கடையிலேயே வைத்துப் பார்க்கட்டும். எண்ணெய்ச் செலவுக்கு விளம்பர எண்ணைக் காட்டாதீர்கள், திரையில் வரும் எண்ணையும் நம்பச் சொல்லாதீர்கள். பெட்ரோல் தொட்டியை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி வகுத்துப் பார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள்: 500 கிலோமீட்டருக்கு 38.5 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர்.

சர்வீஸ் நிலையங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கையேட்டிலேயே கடினப் பயன்பாடு என்று ஒரு பகுதி இருக்கிறது: புழுதிச் சாலை, குறுகிய தூரம், முழுப் பாரம், மலை ஏற்றம். எங்கள் ஊர்க் கார்களுக்கு இந்த நான்கும் பொருந்தும். இருந்தும் நீங்கள் ஒட்டும் ஸ்டிக்கரில் சாதாரண அட்டவணையின் கிலோமீட்டரே இருக்கிறது. காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். செம்மண் படிந்து செங்கல் நிறத்தில் இருக்கும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜின் குறுகிய தூரமே ஓடினால் சூடேறுவதற்குள் பெட்ரோல் இன்ஜின் எண்ணெயில் கலக்கும். அளவுகோலில் மட்டம் ஏறியிருக்கும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். அப்படிப்பட்ட காருக்குக் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைப் பார்த்து எண்ணெய் மாற்ற வேண்டும். சிவிடிக்கு அதற்குரிய எண்ணெய்தான். சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றும் பட்டறைகளை நாங்களே கண்டிக்கிறோம்.

கார் உரிமையாளர் சொன்ன புகாரை அவர் சொன்ன வார்த்தையிலேயே வேலைச்சீட்டில் எழுதுங்கள். "சோதித்தோம், நார்மல்" என்று ஒரு வரி போதாது. எத்தனை பேர் ஏறியபோது, எந்த ஏற்றத்தில், எத்தனை சுழற்சியில் என்றும், கருவி காட்டிய குறியீடு என்ன என்றும் எழுதி நகல் கொடுங்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி. அங்கே பேசப்போவது அந்தச் சீட்டுதான்; உங்களுக்கும் அது பாதுகாப்பு.

நாங்கள் கேட்பது இரண்டு. மேலே சொன்ன கியர், பேட்டரி, கேமரா, டயர் விவரங்களை அந்தந்தக் காருக்கு ஏற்ப ஒரே தாளில், தமிழிலும் மலாயிலும், முன்பணம் வாங்குவதற்கு முன்னால் கொடுங்கள். டெஸ்ட் டிரைவைக் கடைவாசல் சமதரையில் முடிக்காமல், முழுப் பாரத்தோடு ஜெலாப்பாங்கிலிருந்து சுரங்கம் தாண்டும்வரை ஓட்டிக் காட்டுங்கள். ஏறி உட்கார ஆட்களை நாங்கள் கூட்டி வருகிறோம். எண்ணெய்க் காசும் டோல் காசும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரக் கார் உரிமையாளர்களும் பட்டறைக்காரர்களும்