மயிலம்மாவின் பெயரையும் பேச்சுப் போட்டியில் சேருங்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சார்ட், பிரிண்ட், பைண்டிங் என்று பள்ளிக்கூட வேலைதான் கடைக்கு அதிகம். ஜூன் 19 வாசிப்பு நாள், ஜூலை 15, ஆகஸ்ட் 15, நவம்பர் 14 என்று நாள் நெருங்க நெருங்க, பிள்ளைகள் அம்மாவின் போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "அண்ணா, நாளைக்குப் பேச்சுப் போட்டி. இதை ஒரு பிரிண்ட் போட்டுத் தாங்க."

எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே தாள். காமராசர் 15.7.1903 அன்று விருதுநகரில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார், கல்விக் கண் திறந்தார், 2.10.1975 அன்று மறைந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது. பெயரை மட்டும் மாற்றினால் அதே தாள் பாரதியாருக்கும் அம்பேத்கருக்கும் பொருந்திவிடும். பிறப்பு, பட்டம், இறப்பு. நடுவில் அந்த மனிதர் என்னதான் செய்தார், யார் எதிர்த்தார்கள், எப்படிச் சமாளித்தார் என்பதற்கு அதில் இடமே இல்லை. பிள்ளை அதை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசும் வாங்கிவிடுகிறது. ஒரு மாதம் கழித்து அதே பிள்ளையிடம் காமராசரைப் பற்றிக் கேட்டால் பிறந்த ஊர் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. எனக்கு இது பெரிய நஷ்டமாகப் படுகிறது.

நம் வயலுக்கு வரும் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் உருவான காலத்தில் அங்கே தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சர். 1957 முதல் 1959 வரை இங்கே கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. மலையாள நாட்டுக் காட்டில் அணை, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், அதற்குப் பதில் சித்தூருக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று கணக்கு. ஒப்பந்தம் 1970ல்தான் கையெழுத்தானது, ஆனால் 1958 நவம்பரிலிருந்தே நடப்பில் இருப்பதாக எழுதிக்கொண்டார்கள். மணக்கடவு தாண்டி மூலத்தரையில் வாய்க்காலுக்குத் திரும்புகிற தண்ணீர் அதுதான். காமராசரைப் பற்றிப் பேசும் சித்தூர்ப் பிள்ளை இதைச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்கார மாட்டாரா? விருதுநகர்ப் பிள்ளையால் சொல்ல முடியாத காமராசர் கதை நம்மிடம் இருக்கிறது.

நான் கேட்க வந்தது இதுதான். இந்த ஆண்டிலிருந்து பேச்சுப் போட்டிக்கும் சுவர்ப் படத்துக்கும் எடுக்கும் பெயர்களில் இந்தத் தமிழ்நாடு–கேரள எல்லையைக் கடந்து வேலை செய்தவர்களைச் சேருங்கள். அதில் முதல் பெயராக, கொக்ககோலா ஆலையை எதிர்த்துப் போராடிய பிளாச்சிமடை மயிலம்மாவை வையுங்கள்.

மயிலம்மாவுக்கு வருமுன் இரண்டு மூன்று பேரைச் சொல்லியாக வேண்டும்.

வைக்கம் என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பெரியார் பெயர் தெரியும். அவரை அழைத்த கடிதம் எழுதியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஜோசப்பைத் தெரியாது. செங்ஙன்னூரில் 1887ல் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்துவிட்டு மதுரையில் வக்கீல் தொழில் பார்த்தார். மதுரை மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கத் துணை நின்றார். ஒரு சாதியையே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டப்படி பிறமலைக் கள்ளர்களைக் கைரேகை வைக்கச் சொல்லி அரசாங்கம் நெருக்கியது. மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது, 16 பேர் செத்தார்கள். அந்த மக்களுக்காக வாதாடிய மலையாளி அவர். உசிலம்பட்டிப் பக்கம் அவரை 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பெயராகவும் வைத்திருக்கிறார்கள். 1938ல் மதுரையிலேயே இறந்தார். நம் பிள்ளைகள் படிப்பது கேரளத்தில், பேசுவது தமிழ். இப்படி ஒருவரின் பெயர் அவர்கள் காதில் விழாமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் தாழ்த்தப்பட்ட சாதியார் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. 1924 மார்ச் 30 அன்று அதில் நடக்கப் போனவர்கள் மூன்று பேர்: குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர். ஒரு புலையர், ஓர் ஈழவர், ஒரு நாயர். தலைவர்களை ஒவ்வொருவராகச் சிறையில் போட்டதும் ஆள் இல்லாமல் போராட்டம் நின்றுவிடும் நிலை. கடிதம் கிடைத்துப் பெரியார் ஏப்ரல் மாதம் போய்ச் சேர்ந்தார். அப்போது அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர். இரண்டு முறை சிறை. அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டினார்கள். அந்த ஆண்டு ஜூலை வெள்ளத்தில் சத்தியாகிரகிகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்கள். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது திறந்தது கோயிலின் மூன்று பக்கத் தெரு மட்டும். கோயிலுக்குள் போக 1936 நவம்பர் 12 அன்று வந்த திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த மூன்று பக்கம் என்ற செய்தியைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. முழுதாக ஜெயித்த கதை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, முதல் தோல்வியிலேயே உட்கார்ந்துவிடும்.

திருவிதாங்கூரில் புலையர் மக்களின் தலைவராக இருந்த அய்யன்காளி கதையிலும் மேடையில் வராத பகுதிதான் எனக்குப் பிடித்தது. வில்வண்டி ஓட்டியதைப் பிள்ளைகள் நன்றாகச் சொல்கிறார்கள். 1893ல், பொதுவழியில் அவர் ஆட்கள் நடக்கவே கூடாது என்றிருந்த காலத்தில், மாட்டு வண்டி வாங்கித் தலைப்பாகை கட்டி ஓட்டினார். சரி, அதற்கப்புறம்? புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது அவர் வயல் வேலையை நிறுத்தச் சொன்னார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்பது நிலைப்பாடு. ஆனால் வேலைக்குப் போகாதவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? விழிஞ்ஞம் மீனவர்களிடம் பேசி, வேலைநிறுத்தக்காரர்களைக் கடல் தொழிலில் சேர்த்துக்கொள்ளச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இத்தனை கணக்கும் மனத்தில் போட்டிருக்கிறார். ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அவர் கைபிடித்து அழைத்துப் போனபோது பள்ளிக்கே தீ வைத்தார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள். பேச்சுப் போட்டிக்கு ஐந்து நிமிடம் கொடுக்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கும் இந்த பெஞ்சு ஒன்றே போதும்.

இனி மயிலம்மா.

சித்தூர் வட்டத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில், பிளாச்சிமடைக் காலனியில் வாழ்ந்தவர். எரவாளர் என்ற பழங்குடி இனத்துப் பெண். பேச்சு தமிழ், நம் பேச்சேதான். 2000ல் அங்கே கொக்ககோலா ஆலை வந்தது. நாளுக்குப் பல லட்சம் லிட்டர் தண்ணீரை நிலத்தடியிலிருந்து உறிஞ்சியது. காலனிக் கிணற்றுத் தண்ணீர் கசந்தது. குளித்தால் உடம்பு அரித்தது. ஆக்கிய சோறு சீக்கிரம் கெட்டுப்போனது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. சோறாக்குகிற பெண்களுக்கு முதலில் தெரிந்துவிட்டது. குடிக்கும் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் நடக்க வேண்டிவந்தவர்களும் அவர்கள்தான்.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே போராட்டம் தொடங்கியது. ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு வந்து தொடங்கி வைத்தார். ஓலைப் பந்தல் போட்டுக் காலனிப் பெண்கள் உட்கார்ந்தார்கள், நடுவில் மயிலம்மா. ஒருநாள் கூத்தாக முடியும் என்று நினைத்தவர்கள் உண்டு. வருடக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கூலிக்குப் போனால்தான் சோறு என்ற வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தது எப்படிப்பட்ட தியாகம் என்று நம்மைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆலைக் கழிவை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். 2003ல் பி.பி.சி. வானொலி எடுத்துப்போய்ச் சோதித்ததில் அதில் ஈயமும் காட்மியமும் இருந்தன. அதே ஆண்டு பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. டிசம்பர் 16 அன்று கேரள உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து, அதைக் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்பு எழுதினார். 2004 ஜனவரியில் புதுச்சேரிப் பஞ்சாயத்தில் (நம் பாலக்காட்டுப் புதுச்சேரி) உலகத் தண்ணீர் மாநாடு கூடியது. மார்ச்சில் ஆலை நின்றது.

கதை அத்தோடு முடியவில்லை. 2005ல் உயர்நீதிமன்ற அமர்வு முந்தைய தீர்ப்பை மாற்றி, நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஆனாலும் ஆலை திரும்ப ஓடவில்லை. 2010ல் உயர்மட்டக் குழு நஷ்டத்தை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011ல் கேரளச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. குழுவின் கணக்கையும் மசோதாவையும் பார்க்க மயிலம்மா இருக்கவில்லை. 2007 ஜனவரி 6 அன்று இறந்துவிட்டார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதிய தன்வரலாறு மலையாளத்தில் வந்தது, தமிழிலும் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் பிளாச்சிமடையைத் தேடி வந்தார்கள். பக்கத்துப் பஞ்சாயத்துப் பிள்ளை ஒருவர்கூட அவர் பெயரில் பிரிண்ட் கேட்டு என் கடைக்கு வந்ததில்லை. குற்றம் பிள்ளைகள்மேல் இல்லை. நாம் கொடுக்கும் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இது அரசியல் விஷயம், பள்ளிக்குள் வேண்டாம் என்று சிலர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. வைக்கமும் வில்வண்டியும் நடந்த காலத்தில் அவையும் பெரிய சர்ச்சைதான். இன்று பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. மயிலம்மா விஷயத்தில் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன, அரசுக் குழுவின் அறிக்கை இருக்கிறது. இரண்டு தீர்ப்பையும் பிள்ளைகள் முன் வையுங்கள், அவர்கள் பேசட்டும். ஆலையில் வேலை போனவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கலாம்; அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். பரிசு கொடுக்கும்போது பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னதற்கு மதிப்பெண் குறைத்து, ஒரு நிகழ்ச்சியை நேரில் பார்த்ததுபோலச் சொன்னதற்கு அதிகம் போடுங்கள். நடுவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், தாள் தானாக மாறிவிடும்.

அவரோடு பந்தலில் உட்கார்ந்த பெண்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஒரு வகுப்பையாவது அந்தக் காலனிக்கு அழைத்துப் போங்கள். அல்லது அவர்களில் ஒருவரை அசெம்பிளிக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். தமிழ்ப் பள்ளியில் அவர்களுக்கு மொழிச் சிக்கல் எதுவும் வராது. கூச்சம் இருக்கும், பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் போய்விடும். மலையாள வகுப்புப் பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள்.

ஜனவரி 6, கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறந்த கையோடு வருகிற நாள். அதற்கு முன்பே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பள்ளி ஒத்துக்கொண்டாலும், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மயிலம்மா படமும் வரலாறும் அச்சிட்டுத் தரும் செலவை நான் ஏற்கிறேன். தமிழில் வந்த அந்தத் தன்வரலாற்றின் பிரதி ஒன்றும் பள்ளி நூலகத்துக்கு வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பெற்றோர்