லிஃப்டில் கிடைத்த ஆதரவு

நாஷுவா, நியூ ஹாம்ஷைர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம். பனியின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன், வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. கொஞ்ச நாளைக்குப் பேப்பர் படிக்க அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்கமாட்டார்.

பேப்பர் என்றதும் நீ கேட்டது ஞாபகம் வருகிறது. "இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அங்கே பேப்பரே எழுதுமாமே, வெட்கமாக இருக்காதா?" எழுதும்டா. கட்சிக்குள்ளேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரி சமயத்திலேயே எழுதிவிடும். செய்தி எழுதுகிறவர்கள் வேறு, தலையங்கக் குழு வேறு. இந்தக் குழு ஒவ்வொரு வேட்பாளரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி துருவித் துருவிக் கேட்கும். அப்புறம் தலையங்கத்தில் பெயரைப் போடும்.

எங்கள் மாநிலத்து யூனியன் லீடர் இதில் பழம் தின்று கொட்டை போட்ட பேப்பர். அதன் அந்தக்கால அதிபர் வில்லியம் லோப் முதல் பக்கத்திலேயே தலையங்கம் எழுதிய ஆள். 1972இல் ஜனநாயகக் கட்சியில் முன்னணியில் இருந்த எட்மண்ட் மஸ்கியைப் போட்டு வறுத்தெடுத்தார். மஸ்கியின் மனைவியையும் விடவில்லை. கொட்டுகிற பனியில் மான்செஸ்டரில் அந்தப் பேப்பர் ஆபீஸ் வாசலுக்கே வந்து, ஒரு டிரக் மேல் ஏறிநின்று பேசினார் மஸ்கி. மனைவியைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கன்னத்தில் வழிந்தது கண்ணீரா, உருகிய பனியா என்று இன்றைக்கும் வழக்கு தீரவில்லை. பிரைமரியில் அவர்தான் ஜெயித்தார். ஆனால் எதிர்பார்த்த அளவு ஓட்டு விழவில்லை, கடைசியில் வேட்பாளராகவும் ஆக முடியவில்லை.

ஆளைக் கவிழ்ப்பதில் இருந்த பலம் கைதூக்கிவிடுவதில் அந்தப் பேப்பருக்கு அவ்வளவாக இல்லை. 1996இல் புகேனன், 2008இல் மெக்கெய்ன் என்று அது ஆதரித்த சிலர் இங்கே பிரைமரியில் ஜெயித்தது உண்மைதான். 2015 நவம்பரில், குடியரசுக் கட்சியில் டிரம்ப்போடு போட்டியிட்ட கிறிஸ் கிறிஸ்டிக்கு ஆதரவு என்று எழுதினார்கள். பிப்ரவரியில் ஓட்டு எண்ணினால் மனிதர் ஆறாவது இடம். மறுநாளே போட்டியிலிருந்து விலகி, அந்த மாதமே டிரம்ப் பக்கம் போய்விட்டார். அந்தப் பேப்பருக்கோ டிரம்ப் என்றாலே ஆகாது! கிறிஸ்டி விஷயத்தில் தவறிவிட்டோம் என்று பேப்பரின் அப்போதைய அதிபரே எழுதினார். அதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த வழக்கத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. நம்மூரில் எந்தப் பேப்பர் எந்தப் பக்கம் என்று டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்தால்தானே பிறகு தப்பு என்று ஒப்புக்கொள்ள?

2020 ஜனவரியில், ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு நியூயார்க் டைம்ஸ் எலிசபெத் வாரன், ஏமி குளோபுசர் என்று இரண்டு பேரை ஆதரித்தது. ஒருவருக்குத்தானே ஓட்டுப் போட முடியும், இதென்ன இரண்டுங்கெட்டான் வேலை என்று எனக்கு எரிச்சல். மார்ச் முதல் வாரத்திலேயே இரண்டு பேரும் விலகிவிட்டார்கள்.

இதில் சுவாரசியமே வேறு. அதே போட்டியில் இருந்து, பேட்டிக்காக நியூயார்க் டைம்ஸ் ஆபீஸுக்கு வந்த பைடனை லிஃப்டில் மேலே கூட்டிப்போனவர் ஒரு செக்யூரிட்டிப் பெண். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இருவரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மேலே இருந்த பெரிய மனிதர்கள் பைடனுக்கு ஆதரவு தரவில்லை. ஆகஸ்டில் கட்சி மாநாட்டில் வேட்பாளராகப் பைடனின் பெயரை முறைப்படி முன்மொழிந்தது யார் தெரியுமா? அதே லிஃப்ட் பெண்மணி.

சரி, பங்குனிக் கடைசியில் ஊருக்கு வருகிறோம். மாவடு போட்டால் ஒரு ஜாடி தனியாக எடுத்துவைக்கச் சொல்.

அன்புடன்,
ரகு